பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது

எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள். வீட்டுக்கு ஒருவராக எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. போன மாதம் ஒரு ராத்திரி 9.41-க்கு செக்ரட்டரி கேட்டார்: "நாளைக்குத் தெருவுல பைப் வேலை, கரண்டும் நிறுத்துவாங்களாம். இப்பவே மோட்டார் போட்டு மேல் டேங்க்கை நிரப்பச் சொல்லிடவா?" அதே நிமிஷம் மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அம்மா: "லிஃப்ட் கடகடன்னு சத்தம் போடுது. ராத்திரிக்கு ஆஃப் பண்ணி வெச்சிடலாமா?" 9.42-க்குப் பொருளாளரின் பதில் வந்து விழுந்தது: "வேண்டாம். காலைல பாத்துக்கலாம்."

அவர் சொன்னது லிஃப்ட்டை. நாலாவது மாடியில் முட்டி தேய்ந்துபோன ஒரு பாட்டி இருக்கிறார். லிஃப்ட் இல்லாமல் அவரால் இறங்க முடியாது என்பது பொருளாளரின் கவலை. செக்ரட்டரி அதை மோட்டாருக்கு என்று எடுத்துக்கொண்டு படுத்துவிட்டார். காலை ஆறரைக்குக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. எட்டு மணிக்குள் குரூப்பில் 63 மெசேஜ். அதில் பாதி "நான் அப்பவே நெனச்சேன்" ரகம்.

இத்தனைக்கும் அந்த ராத்திரி யாரும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவில் பதில் போடும் நாகரிகம் என்றதும் கெட்ட வார்த்தை கூடாது, அரசியல் கூடாது, குட் மார்னிங் படம் கூடாது என்றுதான் பட்டியல் போடுகிறோம். அதெல்லாம் இருக்கட்டும். நான் பார்த்த குரூப் தகராறுகளில் பல, நல்ல மனசோடு அவசரமாகப் போட்ட ஒரு பதிலில்தான் ஆரம்பித்தன. எதற்குப் பதில், யாருக்குப் பதில், அதை எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள் என்பது போட்டவருக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரியாது.

தமிழில் இந்தச் சிக்கல் ஒரு படி கூடுதல். "வரேன்" என்றால் நான் வருகிறேன், "வராங்க" என்றால் அவர்கள் வருகிறார்கள். ஆளைத் தனியாகச் சொல்லாவிட்டாலும் வினைச்சொல்லின் வால் சொல்லிவிடும். ஆனால் பதிலில் நாம் அதிகம் தட்டும் சொற்களைப் பாருங்கள்: வேண்டாம், முடியாது, கூடாது, இல்லை, போதும், சரி. இவற்றுக்கு வால் கிடையாது. யாருக்கு வேண்டாம், யாரால் முடியாது, எது இல்லை என்று அந்தச் சொல்லை எவ்வளவு குடைந்தாலும் கிடைக்காது. திண்ணையில் பேசும்போது முகமும் கையும் மிச்சத்தைச் சொல்லிவிடும். திரையில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் 'விடை எட்டு வகை' என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்தது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. "இதைச் செய்வாயா?" என்றால் "நீயே செய்" என்பது ஏவல் விடை. "விளையாட வருவாயா?" என்றால் "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். "ஆடத் தெரியுமா?" என்றால் "பாடத் தெரியும்" என்பது இனமொழி.

பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு உறைக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த ஐந்து விடைகளும் கேள்வியின் பக்கத்தில் நின்றால்தான் விடை. கேள்வியை எடுத்துவிட்டால் "கால் வலிக்கும்" என்பது புலம்பல். குரூப்பில் அது தனியாகப் போய் விழுந்தால், "ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி சுத்தம் செய்ய வருவீங்களா?" என்பதற்கு வந்த மறுப்பு அது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லி அவர் வைத்தியம் எழுதுவார். நம் ஆட்கள் நேரே 'மாட்டேன்' என்று சொல்லத் தயங்குகிறவர்கள். சுற்றி வளைத்துத்தான் மறுப்போம், அதுதான் நமக்கு மரியாதை. ஆகவே கேள்வியோடு சேர்த்துக் கட்டாத பதில் நம்மிடம்தான் அதிகம் வழிதவறும்.

தொல்காப்பியம் இன்னும் முன்னாலேயே இதைச் சொல்லிவைத்திருக்கிறது: "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்." விடையும் வினாவும் வழுவாமல் பார்த்துக்கொள் என்பது விதி. வழுவுக்கு உரைகாரர்கள் தரும் உதாரணம் ரொம்பப் பிடிக்கும் எனக்கு. கருவூருக்கு வழி எது என்று ஒருவர் கேட்க, "பருநூல் பன்னிரு தொடி" என்று பதில் வருகிறதாம். வழி கேட்டவருக்கு நூல் எடைக் கணக்கு! அந்த மனிதர் பைத்தியம் இல்லை என்றே நினைக்கிறேன். பக்கத்தில் நூல் வாங்க வந்தவருக்குப் பதில் சொல்லியிருப்பார். வழி கேட்டவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டிருப்பார். எங்கள் லிஃப்ட்டும் மோட்டாரும் மாதிரி.

கணினி வழியே பேச ஆரம்பித்தவர்களும் இதே குழியில்தான் முதலில் விழுந்தார்கள். 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்து, அடுத்த ஆண்டு வெளியுலகுக்கு வந்த யூஸ்நெட்தான் பெரிய அளவில் நடந்த முதல் குழு உரையாடல்களில் ஒன்று. அதற்கு நடுவில் ஒரு தலைமைக் கணினி கிடையாது. ஒரு கணினி இன்னொன்றுக்குத் தொலைபேசி வழியே கூப்பிட்டு, தன்னிடம் சேர்ந்த செய்திகளை ஒப்படைக்கும். அது அடுத்ததற்கு. இப்படிக் கைமாறி வரும்போது சில ஊர்களில் கேள்வி வந்து சேர்வதற்கு முன்பே பதில் வந்துவிடும். வெறுமனே "ஆமாம், நானும் அப்படித்தான் செய்தேன்" என்று ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். என்ன செய்தார் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொள்ளும்.

அதற்குக் கண்ட வழிதான் மேற்கோள். எதற்குப் பதில் சொல்கிறோமோ அந்த வரியை முன்னால் ஓர் அம்புக்குறி போட்டு எடுத்துவைத்து, அதன் கீழே தன் பதிலை எழுதுவது. மின்னஞ்சல்களில் அந்தக் குறியை இன்றும் பார்க்கலாம். உடனே அடுத்த தொல்லை கிளம்பியது. முந்தைய செய்தி முழுவதையும் அப்படியே தூக்கிவைத்துவிட்டு, கடைசியில் "சரியாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி எழுதினார்கள். இணைப்புக்குக் காசு கொடுத்துப் படித்த காலம் அது. சில யூஸ்நெட் மென்பொருள்கள் புதிதாக எழுதியதைவிட மேற்கோள் அதிகம் இருந்தால் செய்தியை ஏற்காமல் திருப்பி அனுப்பின. மனிதன் சும்மா இருப்பானா? அம்புக்குறியை எடுத்துவிட்டு வேறு குறி போட்டு ஏமாற்றினான்.

1995 அக்டோபரில், இன்டெல் நிறுவனத்தில் இருந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்து, ஆர்எஃப்சி 1855 என்ற எண்ணில் வலைநாகரிக வழிகாட்டி ஒன்று வந்தது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகள் வெளியாகும் அதே வரிசையில் நடத்தை விதிகளுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். பதில் பற்றி அது சொல்வது சுருக்கமானது: எதற்குப் பதில் என்று புரியும் அளவுக்கு மட்டும் மூலத்தை எடுத்துப் போடு, முழுவதையும் போடாதே. மூலத்துக்கு முன் பதில் போய்ச் சேரலாம் என்ற காரணத்தையும் கூடவே எழுதியிருக்கிறார்கள்.

இந்த 'புரியும் அளவுக்கு மட்டும்' என்பது நமக்குப் புதிதில்லை. உரையாசிரியர்கள் பாட்டின் ஒரு தொடரை எடுத்துவைத்து அதற்கு மட்டும் விளக்கம் எழுதி, அடுத்த தொடருக்குப் போவார்கள். பழைய பதிப்புகளின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு என்று ஒரு பகுதி இருக்கும். பாட்டின் முதல் சொற்களைச் சொன்னால் போதும், எந்தப் பாட்டு என்று தெரிந்துவிடும். ஒரு குரூப்பில் பதில் எழுதுகிறவருக்கு அவ்வளவுதான் வேலை. "மோட்டார் விஷயம்: போடச் சொல்லுங்க." முதற்குறிப்பும் ஆச்சு, விடையும் ஆச்சு.

பிறகு அலுவலக மின்னஞ்சல் வந்து இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கியது. அவுட்லுக் மாதிரியான மென்பொருள்கள் பதில் எழுதத் திறந்ததும் கர்சரை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தின; பழைய கடிதம் முழுவதும் கீழே தொங்கியது. உச்சியில் எழுதுவதா, கீழே எழுதுவதா என்று கணினி ஆட்கள் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். என் கணக்கில் அது தேவையில்லாத சண்டை. அலுவலகத்தில் நடுவழியில் ஒருவரைச் சேர்க்கும்போது முழுக்கதையும் கீழே இருப்பது அவருக்கு வசதிதான். ஆனால் ஐந்து கேள்வி கேட்ட கடிதத்துக்கு உச்சியில் "ஆம், செய்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பும் வழக்கத்தை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. எதைச் செய்தீர்கள்? வாட்ஸ்அப் 2016-ல் ஒரு மெசேஜை மேற்கோளாக எடுத்துவைத்து அதற்கே பதில் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. யூஸ்நெட்காரர்கள் கையால் செய்ததை இப்போது மெசேஜைப் பிடித்து விரல் ஒரு இழுப்பில் செய்துவிடும். பொருளாளர் அன்றைக்கு அந்த ஒரு இழுப்பை இழுத்திருந்தால் நாங்கள் எல்லோரும் குளித்துவிட்டு வேலைக்குப் போயிருப்போம்.

எதிர்மறையில் கேட்கும் கேள்வி இன்னொரு வம்பு. "இன்னிக்குத் தண்ணி லாரி வராதா?" என்று கேட்டால், தமிழில் "ஆமாம்" என்பதற்கு வராது என்று பொருள். ஆங்கிலப் பழக்கத்தில் "யெஸ்" என்று போடுகிறவர் வரும் என்று சொல்கிறார். ஒரே குரூப்பில் இரண்டு வகை ஆட்களும் இருப்பார்கள். சில பேர் தமிழில் யோசித்து "யெஸ்" என்று போடுவார்கள், அது இன்னும் விசேஷம். இதற்கு ஒரே மருந்து வினைச்சொல்லைச் சேர்த்து எழுதுவது: "வராது", "வரும்". ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது வழியும் வலியும் ஒரே மாதிரி வந்து நிற்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் கேள்வி இருந்தால் எந்த ழ, எந்த ல என்று படிப்பவர் யூகித்துக்கொள்வார்.

இனி எண்ணிக்கை. 48 பேர் குரூப்பில் செக்ரட்டரியின் அறிவிப்புக்கு 30 பேர் "ஓகே சார்" போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மற்ற 47 போனுக்குப் போகும். ஆக மொத்தம் 1,410 தடவை யாரோ ஒருவர் பையில் போன் துடிக்கிறது. தட்டியவருக்கு ஒரு விநாடி. இதன் பெரிய வடிவம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே 1997-ல் நடந்தது. 'பெட்லம் டிஎல்3' என்று சுமார் 13,000 ஊழியர்களின் முகவரிகள் அடங்கிய ஒரு பட்டியல். தன் பெயர் அதில் ஏன் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் எல்லோருக்கும் எழுதினார். "என் பெயரையும்" என்று இன்னொருவர். "என்னையும்", "என்னையும்" என்று அலை கிளம்பியது. "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று அறிவுரை சொன்னவர்கள், அதையும் எல்லோருக்குமே அனுப்பினார்கள். ஒன்றரைக் கோடி மின்னஞ்சல்கள் என்று பிற்பாடு அந்நிறுவனத்தவரே எழுதினார்கள். அஞ்சல் மென்பொருளைச் செய்து விற்கிற இடத்திலேயே அஞ்சல் படுத்தது. 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரு சோதனை அஞ்சல் தவறிப் போனபோதும் இதே கதைதான். அனுப்பிய தவறைவிட அதற்குப் பதில் போட்டவர்கள் செய்த சேதம் பெரிது.

ஆனால் "ஓகே சார்" போடுகிறவர்களைத் திட்ட எனக்கு மனசு வராது. நம் வீடுகளில் பெரியவர் ஒன்று சொன்னால் சும்மா இருப்பது அவமரியாதை. கதை கேட்கும்போதுகூட உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். குரூப்பில் வரும் "ஓகே சார்", கும்பிடு பொம்மை எல்லாம் அந்த உம்தான். பிரச்சினை என்னவென்றால், திண்ணையில் உம் காற்றோடு போய்விடும். இங்கே ஒவ்வோர் உம்மும் ஒரு வரியாகத் தங்கி, கதையை மேலே தள்ளிவிடும். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர் 30 கும்பிடுகளைத் தாண்டி மேலே போனால்தான் அறிவிப்பு கிடைக்கும். 2022-ல் வாட்ஸ்அப்பில் வந்த ரியாக்‌ஷன், அதாவது மெசேஜின் காலடியிலேயே ஒரு கட்டைவிரலை ஒட்டும் வசதி, உம் கொட்டுவதற்கென்றே செய்தது போல இருக்கிறது. இடத்தை அடைக்காது, சொன்னவருக்கும் கேட்டார்கள் என்று தெரியும். பெரியவர்களுக்கு அதை ஒருமுறை உட்கார்ந்து காட்டிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள்.

துக்கச் செய்திக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது என்பேன். ஒரு வீட்டில் இழவு என்று குரூப்பில் வந்தால் அதன்மேல் கட்டைவிரல் ஒட்டுவது பார்க்கவே கூசுகிறது. அங்கே 40 பேரும் 40 வரி எழுதட்டும், அதுதான் முறை. முடிந்தால் அந்த வீட்டுக்காரரின் எண்ணுக்குத் தனியாக எழுதலாம், நேரில் போய்விடலாம். ஒன்றே ஒன்று: அந்த வரிசைக்கு நடுவில் இன்னொருவர் தன் பேத்தியின் பிறந்தநாளைச் சொல்லிவிட்டால், அதற்குப் போடும் "வாழ்த்துகள்" கட்டாயம் அந்த மெசேஜோடு கோத்துத்தான் வர வேண்டும்.

எல்லோர் முன்னாலும் சொல்வதா, தனியாகச் சொல்வதா என்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாலு பேர் முன்னால் ஒருவரைத் திருத்தினால் அவர் திருந்தமாட்டார், முறைப்பார். ஆர்எஃப்சி 1855-ம் ஒருவரோடு வாக்குவாதம் என்றால் இருவரும் தனி அஞ்சலில் பேசிக்கொள்ளுங்கள், குழுவுக்கு அக்கறை இருந்தால் பிற்பாடு சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறது. வாட்ஸ்அப்பில் 'தனியாகப் பதிலளி' என்று ஒரு வழியே இருக்கிறது. வரவுசெலவில் 200 ரூபாய் இடிக்கிறது என்றால் பொருளாளரை அந்த வழியில் கேட்கலாம். அவரே திருத்திய கணக்கைக் குரூப்பில் போடுவார், முகமும் காப்பாற்றப்படும். ஆனால் தப்பான தகவல் எல்லோரிடமும் போய்விட்டால், உதாரணத்துக்கு ஒரு போலி மருத்துவக் குறிப்பு, திருத்தம் எல்லோர் முன்னாலும்தான் வர வேண்டும். அப்போதும் "இப்படி ஒண்ணு சுத்துது, சரியில்லைன்னு டாக்டர்கள் சொல்றாங்க" என்று தகவலைப் பிடித்துப் பேசலாம். அனுப்பிய மாமாவைப் பிடிக்க வேண்டியதில்லை.

மின்னஞ்சல் குழுக்களில் இதற்கு ஒரு கண்ணிவெடி இருந்தது. பதில் பொத்தானை அழுத்தினால் அது எழுதியவருக்குப் போகுமா, குழுவுக்கே போகுமா என்பது குழு நடத்துகிறவர் வைத்த அமைப்பைப் பொறுத்தது. 2000-களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காபி கிளப் என்று தமிழ் யாஹூ குழுமங்கள் கலகலப்பாக இருந்த காலத்தில், ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தனியாக எழுதுவதாக நினைத்து ஊருக்கே அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்த ஆட்களை நான் அறிவேன். நானும் ஒருமுறை. என்ன எழுதினேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டதில் வருத்தப்படாத சிலரில் நானும் உண்டு.

கோபத்தில் எழுதும் பதிலுக்கு அந்த 1995 வழிகாட்டி சொன்ன யோசனை ஒரு ராத்திரி கழித்து அனுப்பு என்பது. இப்போது எழுதியதைத் திருத்தலாம், எல்லோரிடமிருந்தும் நீக்கலாம் என்பதால் அந்த ராத்திரியை யாரும் காத்திருப்பதில்லை. நீக்கினால் நீக்கியதற்கான அடையாளம் அங்கேயே நிற்கும். அதைப் பார்த்ததும் "என்ன சார் போட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். மெசேஜாகவே இருந்திருந்தால் அத்தனை பேர் படித்திருக்கமாட்டார்கள்.

தண்ணீர் இல்லாத அந்தக் காலை முடிந்ததும் எங்கள் செக்ரட்டரி ஒரு ஏற்பாடு செய்தார். கேள்வி கேட்டால் மெசேஜின் தலையில் விஷயத்தை எழுதுவது, பதில் சொல்கிறவர்கள் அதையே இழுத்துப் பிடித்துப் பதில் சொல்வது. பொருளாளர் அன்றைக்குப் பட்ட அடியில் இதை நன்றாகக் கற்றுக்கொண்டார். மற்ற எவரையும்விட அழகாக மேற்கோள் எடுக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை செக்ரட்டரி கேட்டார்: "தண்ணி லாரி: நாளைக்கு ரெண்டு சொல்லவா, மூணு சொல்லவா?" ஒரு நிமிஷத்துக்குள், அந்தக் கேள்வியை அப்படியே மேலே தாங்கிக்கொண்டு, பொருளாளரின் பதில் வந்தது.

"ஆமா சார்."